எதற்குத் தக்க? பரிணாமத்தில் ‘தகுதி’ என்றால் என்ன என்று படிப்படியாகப் புரிந்துகொள்ள

அக்கா மகன் இந்த வருடம் எச்.எஸ்.சி. எழுதுகிறான். உயிரியலில் கெட்டிக்காரன்தான், ஆனால் ஒரு சொல் மட்டும் அவனை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. “சித்தி, டோடோ ஃபிட்டா இல்லை, அதனாலதான் அழிஞ்சுபோச்சு, சரிதானே?” என்று கேட்டான். பாதிதான் சரி என்றேன். மீதிப் பாதியைச் சொல்லி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. மொரிஷியஸில் எங்கள் ரோஸ் ஹில் வீட்டு வராந்தாவில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும், இரண்டு இடத்தில் கணக்கு வரும். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

படி 1: ஜிம்மை மறந்துவிடுங்கள்

எங்கள் தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குப் போனபோது டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, பல்லைப் பார்த்து, ‘ஃபிட்’ என்று எழுதிக் கொடுத்தாராம். இன்றைக்கு அதே சொல் ஜிம் வாசலில் தொங்குகிறது. இரண்டு இடத்திலும் அது உடம்பின் வலுவைத்தான் குறிக்கிறது. பரிணாம உயிரியலில் அந்தப் பொருளே கிடையாது. குழப்பம் முழுக்க இங்கேதான் தொடங்குகிறது.

‘தக்கன பிழைத்தல்’ என்று நாம் படிக்கும் தொடரை உருவாக்கியவர் டார்வின் இல்லை, ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர். 1864இல் அவர் எழுதியதை டார்வின் தன் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல்தான் சேர்த்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உடல் வலு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘தகு’ என்றால் பொருந்து. ‘தக்க’ என்று சொன்ன உடனே எதிரே இருப்பவர் “எதற்குத் தக்க?” என்று கேட்பார். காலத்துக்குத் தக்க பேச்சு, ஊருக்குத் தக்க உடுப்பு, விரலுக்குத் தகுந்த வீக்கம். இன்னொன்றோடு சேர்க்காமல் இந்தச் சொல்லைத் தனியாக நிறுத்தவே முடியாது. பரிணாமத் தகுதியும் அப்படித்தான். ‘எதற்கு’ என்ற கேள்வியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

படி 2: ஆயுளை விட்டுவிட்டு வாரிசை எண்ணுங்கள்

தகுதியை அளக்கும் கோல் ஒன்றுதான்: அடுத்த தலைமுறைக்கு எத்தனை வாரிசுகள் போய்ச் சேர்ந்தன?

கோவேறு கழுதை நன்றாக மூட்டை சுமக்கும், நோய் நொடி குறைவு, நெடுநாள் வாழும். குட்டி போடாது. அதன் தகுதி பூஜ்யம். இதற்கு நேர் எதிரானதைப் பார்க்க எங்கள் தீவின் பாம்பிள்மூஸ் தாவரவியல் தோட்டத்துக்குப் போங்கள். அங்கே தாளிப்பனைகள் நிற்கின்றன. நம் முன்னோர் சுவடி எழுதிய ஓலைகளில் இந்தப் பனையின் ஓலையும் ஒன்று. பல பத்தாண்டுகள் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும் மரம், ஒரே ஒரு முறை உச்சியில் பிரம்மாண்டமாகப் பூத்துத் தள்ளும். காய்கள் முற்றி விழும்போது மரமும் பட்டுப்போகும். நேரம் தெரியாமல் போனால் செத்துக்கொண்டிருக்கும் மரத்தைத்தான் பார்ப்பீர்கள், பாவமாக இருக்கும். பரிணாமக் கணக்கில் பாவப்பட எதுவும் இல்லை. தேடிய சொத்தையெல்லாம் ஒரே நாளில் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த மரம் அது.

ஆக, உயிர் பிழைப்பது ஒரு வழி மட்டுமே. பிழைத்திருந்தால்தான் பெற முடியும் என்பதால் அதற்கு மதிப்பு.

வாரிசை எண்ணும்போது முட்டையை எண்ணி ஏமாறாதீர்கள். ஒரு பறவை 4 முட்டை இட்டு 3 குஞ்சுகளைப் பறக்க வைக்கிறது, பக்கத்துக் கூட்டில் 7 முட்டை, ஆனால் இரை போதாமல் ஒன்றுதான் தேறுகிறது என்றால் முதல் பறவைக்கே தகுதி அதிகம். பறவைகள் ஏன் இன்னும் நிறைய முட்டை இடுவதில்லை என்ற கேள்விக்குப் பறவையியலாளர் டேவிட் லாக் 1947இல் சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுதான். கடைசியில் எத்தனை குஞ்சுகளை ஆளாக்க முடியும் என்பதே முட்டையின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுகிறது.

படி 3: பக்கத்து வீட்டோடு ஒப்பிடுங்கள்

“ஒரு வெட்டுக்கிளிக்குச் சராசரியாக 3 வாரிசு. இது நல்ல தகுதியா?” என்று கேட்டேன். பையன் யோசிக்காமல் “நல்லதுதான்” என்றான். பதில் சொல்லவே முடியாத கேள்வி அது. மற்றவற்றுக்கு எத்தனை என்று தெரியாமல் என்ன சொல்வது?

கரும்புக் காட்டில் இரண்டு வகை வெட்டுக்கிளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம், பச்சை ஒன்று, பழுப்பு ஒன்று. எண்கள் என் கற்பனை. கணக்குச் சுலபமாக இருக்க, ஒவ்வொன்றும் தன்னைப் போலவே வாரிசு விட்டுவிட்டுச் சாகிறது என்போம். பச்சை இலைக்குள் பச்சைப் பூச்சி குருவியின் கண்ணில் படாது, அதனால் பச்சைக்குச் சராசரி 4 வாரிசு, பழுப்புக்கு 3. அதிகம் உள்ளதை 1 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் பச்சையின் ஒப்பீட்டுத் தகுதி 1, பழுப்பினுடையது 3ஐ 4ஆல் வகுத்தால் 0.75. இடையில் உள்ள 0.25தான் பழுப்புக்கு எதிரான இயற்கைத் தேர்வின் அழுத்தம்.

இரண்டும் 50, 50 என்று தொடங்கினால் அடுத்த தலைமுறையில் 200 பச்சை, 150 பழுப்பு. அதாவது பச்சை 57 சதவீதம். அதற்கடுத்து 800க்கு 450, பச்சை 64 சதவீதம். பத்தாம் தலைமுறையில் கிட்டத்தட்ட 95. ஒரு தலைமுறையில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் பத்தில் ஊரையே பிடித்துவிடுகிறது.

இப்போது வாரிசுக் கணக்கை மட்டும் மாற்றுங்கள். மருந்து அடித்ததில் பச்சைக்குச் சராசரி 0.8, பழுப்புக்கு 0.6 என்று ஆகிவிட்டது. 0.6ஐ 0.8ஆல் வகுத்தால் அதே 0.75! பச்சை அதே வேகத்தில் முன்னேறும், பத்தாம் தலைமுறையில் அதே 95 சதவீதம். ஆனால் 100 பூச்சியில் தொடங்கிய காட்டில் அப்போது மிஞ்சியிருப்பது ஐந்தோ ஆறோ. போட்டியில் ஜெயித்தவரும் சேர்ந்து அழிகிறார். ஒப்பீட்டுத் தகுதி யார் பெருகுவார் என்பதைச் சொல்லும், கூட்டம் பிழைக்குமா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது வகுக்காமல் வைத்த நேரடி எண், அது ஒன்றுக்கு மேலா கீழா என்பது. என் மாணவர்களில் பலர் மார்க்கைக் கோட்டைவிடும் இடம் இது.

அப்புறம் அறுவடை வருகிறது. கரும்பு வெட்டி முடிந்ததும் தரை முழுக்கச் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை. அதில் பச்சைப் பூச்சி பளிச்சென்று தெரியும், பழுப்பு மறைந்துவிடும். அதே பூச்சி, அதே உடம்பு, தகுதி மட்டும் தலைகீழ்.

படி 4: எங்கே, எப்போது என்று கேளுங்கள்

நான் அதிக நேரம் எடுத்துக்கொண்ட படி இது. உதாரணத்துக்குத் தீவை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

அரிவாள் செல் சோகை என்ற நோய். (கரும்புச் சோகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தமிழ் சில நேரம் இப்படி விளையாடும்.) ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம். நம் ஒவ்வொருவருக்கும் அந்த மரபணு இரண்டு நகல், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டும் மாறியிருந்தால் சிவப்பணு அரிவாள் போல வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும், கடுமையான நோய். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லை. அதோடு, உயிரைக் குடிக்கும் வகை மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பும் உண்டு, ஏனென்றால் அந்தச் சிவப்பணுக்களில் மலேரியாக் கிருமி சரியாக வளர முடிவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து 1954இல் இதைக் காட்டியவர் ஆண்டனி ஆலிசன். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபணு இருப்பது அதற்கு இரண்டு ஆண்டு முன்பே தெரிந்துவிட்டது. ஏதோ ஆப்பிரிக்கச் சமாச்சாரம் என்று யாரும் தள்ளிவைக்க வேண்டாம்.

இப்போது மொரிஷியஸ். 1860கள் வரை இங்கே மலேரியா பரவியதில்லை. அதைச் சுமக்கும் கொசு கப்பலேறி வந்தபின், 1866-67இல் கொள்ளை நோயாக வெடித்தது. போர்ட் லூயியிலிருந்து வசதியானவர்கள் மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள், கூலிக்கு வந்த நம்மவர்கள் தோட்டத்திலேயே கிடந்து செத்தார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று கண்டுபிடித்த ரொனால்ட் ராஸே 1907இல் நேரில் வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார். 1940களின் இறுதியில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். 1973இல் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. 1975 புயலுக்குப் பின் மறுபடி தலைகாட்டி, 1998இல்தான் முழுதாகப் போனது.

அந்த மாறிய நகல் ஒன்று மட்டும் உள்ள ஒருவரை இந்த மூன்று காலத்திலும் நிறுத்திப் பாருங்கள். 1850இல் மற்றவர்களோடு ஒப்பிட்டால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 1870இல் பக்கத்தில் இருப்பவர் காய்ச்சலில் போகும்போது இவர் பிழைக்கிறார், ஒப்பீட்டுத் தகுதி ஏறிவிட்டது. இன்றைக்குப் பழையபடி எதுவும் இல்லை. ரத்தம் மாறவில்லை, கொசுதான் வந்துவிட்டுப் போனது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். மறுபடி கற்பனை எண்தான். மலேரியா உள்ள ஊரில் ஒரு நகல் மாறியவரின் தகுதி 1. நகல் எதுவும் மாறாதவர் மலேரியாவுக்கு 0.1 இழக்கிறார். இரண்டும் மாறியவர் சிகிச்சை இல்லாத காலத்தில் முழு 1ஐயும் இழக்கிறார். மாறிய நகல் அரிதாக இருந்தால் லாபம் பார்த்துப் பெருகும். மிகப் பெருகினால் இரண்டும் மாறிய குழந்தைகள் அதிகம் பிறந்து கீழே இழுக்கும். தராசு நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முதல் இழப்பை இரண்டு இழப்புகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 0.1ஐ 1.1ஆல் வகுத்தால் 11இல் 1 பங்கு. கொடிய மரபணு ஒன்று மக்களிடம் 11இல் 1 பங்கு இருக்கிறது, தேர்வுதான் அதை அங்கே பிடித்து வைத்திருக்கிறது!

மலேரியா போன பிறகு? லாபம் போயிற்று, நஷ்டம் மட்டும் மிச்சம். மற்ற எதையும் மாற்றாமல் கணக்குப் போட்டால் 11இல் 1 என்பது அடுத்த தலைமுறையில் 12இல் 1, பிறகு 13இல் 1, 14இல் 1 என்று நொண்டியடித்து இறங்கும். பாதியாகக் குறைய 11 தலைமுறை, தலைமுறைக்கு 25 வருடம் என்று வைத்தால் 275 வருடம். ஒரே நகலாக ஒளிந்திருக்கும்போது தேர்வின் கண்ணுக்கு அது தெரியாது, அதனால்தான் இத்தனை தாமதம். இன்றைக்குச் சிகிச்சை இருப்பதால் இன்னும் மெதுவாகவே இறங்கும், அது நல்ல விஷயம்தான். காரணம் போய்ப் பல தலைமுறைக்குப் பின்னும் அதன் சுவடு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

படி 5: டோடோவுக்கு நியாயம் செய்யுங்கள்

டோடோவைக் கொழுத்த முட்டாள் பறவை என்று பாடப்புத்தகங்களே எழுதிவிட்டன. அது ஒரு புறா. உயிரோடு இருக்கும் அதன் நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா, அது தீவுக்குத் தீவு பறக்கும். இந்தத் தீவிலோ தரையில் திரியும் வேட்டை மிருகமே கிடையாது. பறக்கும் தசையை வளர்த்துக் கட்டிக்காப்பது பெரிய செலவு. யாருமே துரத்தாத ஊரில் அந்தச் செலவைக் குறைத்து உடம்பிலும் குஞ்சிலும் போட்ட பறவைக்கு வாரிசு அதிகம். ஆயிரக்கணக்கான தலைமுறைகளில் அந்த மிச்சம்தான் டோடோவாகத் திரண்டது. பறக்காமல் இருந்ததே அங்கே தகுதி.

1598இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். கப்பல்களோடு எலி, பன்றி, குரங்கு எல்லாம் வந்தன, தரையில் இட்ட முட்டை அவற்றுக்குத் தீனி. 1662க்குப் பின் டோடோவைப் பார்த்ததாக உறுதியான சாட்சி அரிது. அந்த அறுபது சொச்சம் வருடத்திலும் டோடோக்களுக்குள் தகுதி வித்தியாசம் இருந்திருக்கும், கொஞ்சம் பயந்த பறவை கூடுதலாகக் குஞ்சு தேற்றியிருக்கும். பச்சை வெட்டுக்கிளி போலத்தான். நேரடி எண் ஒன்றுக்குக் கீழே போய்விட்டது, இறக்கை திரும்ப முளைக்க அறுபது வருடம் போதாது. இன்று அது நாட்டுச் சின்னத்தில் நிற்கிறது, கொன்ற பிறகு செய்த மரியாதை.

படி 6: அதிர்ஷ்டத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்

எங்கள் வீட்டில் இரண்டு கொண்டைக்குருவிக் கூடுகள் இருந்தன. எங்கள் தீவின் கிரியோல் மொழியில் இதற்குக் ‘கொண்டே’ என்று பெயர், நம் கொண்டைதான் அது என்று அம்மா அடித்துச் சொல்வார். ஒரு கூடு காகிதப்பூக் கொடியின் முள்ளுக்குள் நெருக்கிக் கட்டியது, பூனை கை வைக்க முடியாது. இன்னொன்று லிச்சி மரத்தில், கிளை நுனியில், பாதி நார் தொங்கிக்கொண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தது. காகிதப்பூப் பந்தல் அடியோடு சரிந்து மூன்று முட்டையும் போனது. லிச்சிக் கூடு ஒரு பக்கம் சாய்ந்ததோடு சரி, இரண்டு குஞ்சும் பறந்தன.

எந்தக் குருவிக்குத் தகுதி அதிகம்? இந்த ஒரு புயலை வைத்துச் சொன்னால் தப்பு. நூறு குருவிகள் முள்ளுக்குள் கட்டி, நூறு நுனியில் கட்டி, பல பருவம் பார்த்தால் சராசரி எந்தப் பக்கம் சாயும் என்பதே கேள்வி. ஒரு வகை உயிர், குறிப்பிட்ட சூழலில் சராசரியாக எத்தனை வாரிசு விடும் என எதிர்பார்க்கலாமோ அதுதான் தகுதி. நடந்து முடிந்தது வெறும் ஒரு தாயக்கட்டை வீச்சு.

“பிழைத்தது எது? தகுதியுள்ளது. தகுதியுள்ளது எது? பிழைத்தது. இது சுற்றி வளைத்த பேச்சுதானே” என்று சிலர் மடக்குவார்கள். மடங்க வேண்டாம். அரிவாள் செல்லில் கிருமி வளராது என்று தெரிந்தால், யார் பிழைத்தார் என்று எண்ணும் முன்பே யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்லிவிடலாம். எண்ணிப் பார்த்துச் சரியா தப்பா என்றும் சோதிக்கலாம்.

கூட்டம் சிறியதானால் தாயத்தின் கை ஓங்கும். 1974இல் மொரிஷியஸ் வல்லூறு காட்டில் நான்கே நான்குதான் தெரிந்தன. காடு அழிந்தது, எலியும் குரங்கும் முட்டை தின்றன, அதோடு டி.டி.டி. போன்ற மருந்துகளும் கெடுத்தன. மலேரியாவிலிருந்து நம்மைக் காத்த அதே டி.டி.டி.! அந்த நான்கிடம் இருந்த மரபணுக்கள் நல்லவையோ கெட்டவையோ, பின்னால் வந்த கூட்டம் முழுக்க அவற்றைத்தான் சுமக்கிறது.

படி 7: சொந்தக்காரரையும் கணக்கில் சேருங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காரத் தேனீக்குப் பெரும்பாலும் பிள்ளை இல்லை, கொட்டிவிட்டுச் செத்தும் போகிறது. படி 2இன்படி பூஜ்யம். ஆனால் அது காப்பாற்றும் சகோதரிகளிடமும் அதே மரபணுக்களின் பிரதிகள் இருக்கின்றன. 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் கொடுத்த விதி: உறவின் பங்கைக் கிடைக்கும் நன்மையால் பெருக்குங்கள், அது செலவைவிட அதிகமானால் அந்தக் குணம் பரவும். நம்மைப் போன்ற உயிர்களில் கூடப் பிறந்தவருக்குப் பங்கு அரை. ஒரு வாரிசை இழந்து கூடப் பிறந்தவருக்கு மூன்று கூடுதல் வாரிசு கிடைத்தால் ஒன்றரை, அது ஒன்றைவிடப் பெரிது. எந்தப் பறவையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை, தலைமுறைகள் போட்டுவிடுகின்றன.

படி 8: வழுக்கும் இடங்கள்

‘இனத்தின் நன்மைக்காக’ என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். பச்சை வெட்டுக்கிளி பெருகுவது வெட்டுக்கிளிக் குலத்துக்கு உதவி செய்ய இல்லை.

‘மேலும் மேலும் உயர்ந்தது’ என்றும் எழுதாதீர்கள். பறக்கும் புறா பறக்காததாக மாறியதும் பரிணாமம்தான்.

மனிதரை எடைபோட இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. ‘நல்ல’ வம்சத்தை மட்டும் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு ஆங்கிலேய அறிஞர் கால்டன் 1883இல் ‘இனமேம்பாடு’ என்று பேர் வைத்ததிலிருந்து எத்தனையோ அநியாயம் இந்தச் சொல்லின் மேல் ஏறி நடந்திருக்கிறது. வாரிசின் சராசரி எண்ணிக்கை அது, அவ்வளவுதான். யார் நல்லவர், யார் உயர்ந்தவர் என்று அதற்குத் தெரியாது.

படி 9: நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள்

எங்கள் தீவின் இளஞ்சிவப்புப் புறாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 வாக்கில் காட்டில் சுமார் பத்துதான். கூண்டில் இனப்பெருக்கம் செய்து, காட்டிலும் ஈல் ஓ ஸெக்ரெத் தீவிலும் விட்டு, தீனி வைத்து, எலியையும் பூனையையும் விரட்டி இன்று சில நூறாகப் பெருகியிருக்கின்றன. கேள்வி: கூண்டில் நிறையக் குஞ்சு பொரித்த புறா, காட்டுக்குள் விட்டாலும் தகுதி உள்ளதாகவே இருக்கும் என்று சொல்லலாமா?

பையன் உடனே வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். பிறகு தாளில் மூன்று வரி எழுதினான். எங்கே: கூண்டில் தீனி தானாக வரும், பூனை வராது. யாரோடு: கூண்டுப் புறாக்களோடுதான் ஒப்பிட்டிருக்கிறோம். எத்தனை: கூண்டில் பொரித்ததை எண்ணியிருக்கிறோம், காட்டில் வளர்ந்து ஜோடி சேர்ந்ததை எண்ணவில்லை.

“அப்போ சொல்ல முடியாது சித்தி. ஆளைக் கண்டு பயப்படாத புறா கூண்டில் நிறையப் பொரிக்கும். காட்டில் அதுதான் பூனைக்கு முதல் சாப்பாடு.”

தாளைத் திருப்பிப் பார்த்தான். “தீனித் தொட்டி வைத்த காடு என்றால்? அதுவும் ஒரு சூழல்தானே, அதற்குத் தக்க புறா வேறயா இருக்குமோ?”

அதைப் பேசத்தான் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.